வெள்ளரிக்காய்த் தலை

மணியம்மைக்கு அலுத்துப்போயிருந்தது. கண்டிகையிலிருந்து திருத்தணிக்கு நடந்து வந்ததை அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை; ஐந்து மாத வயிற்றோடு நடவுக்குக் குனிகிறவளுக்கு அந்த நடை எம்மாத்திரம்? ஆறு வருஷமாக ஒரே பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்த அலுப்பு அது.

மகள் ஜெயம்மாவின் தலையைப் பற்றிய பேச்சு. பிறந்தபோதே அது பக்கவாட்டில் ஒடுங்கி, முன்னும் பின்னும் நீண்டிருந்தது. நெற்றியிலிருந்து பின்னந்தலை வரை உச்சியில் வரப்பு மாதிரி ஓர் எலும்பு மேடு. பிள்ளை கெட்டிக்காரி, வாயாடி, ஓட்டத்தில் யாருக்கும் சளைக்காதவள். இருந்து என்ன, தெருப் பிள்ளைகளுக்கு அவள் 'வெள்ளரிக்கா'.

பிரசவம் திருவாலங்காட்டில், மணியம்மையின் தாய்வீட்டில் நடந்தது. பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றும்போது, உள்ளங்கையால் தலையை அமுக்கி அமுக்கி உருண்டையாக்குவார்கள். தலை சரியில்லை என்றால் அமுக்கியவள் கை சரியில்லை, அவ்வளவுதான். மாமியார் கௌரியம்மாள் பிள்ளையைப் பார்த்த அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஆத்தாளும் பொண்ணும் தூங்கிக்கினு இருந்தீங்களா? ஒருக்களிச்சுப் போட்டே புள்ளையக் கெடுத்துட்டீங்களேடி!"

அதற்கப்புறம் மணியம்மையும் கை நோக அமுக்கித்தான் பார்த்தாள். பிள்ளை அழும், இவளும் அழுவாள். தலை தன் போக்கில் நீண்டுகொண்டே போனது.

யுத்தம் தொடங்கிய வருஷம் புருஷன் கோதண்டம் ரயிலேற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மண்டை ஓடு ஒரே எலும்பில்லை, பல துண்டுகள், மூளை வளர வளர அவை விலகி இடம் விடும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்தப் பிள்ளைக்கு உச்சியில் இருக்கிற பொருத்து வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டதாம். அகலத்தில் வளர வழியில்லாமல் தலை நீளவாக்கில் வளர்கிறதாம்.

"அமுக்குனதால வந்ததும் இல்லம்மா, அமுக்குனா போறதும் இல்ல. யார் மேலயும் தப்பு கெடையாது."

அந்த ஒரு வார்த்தையை மடியில் முடிந்துகொண்டதுபோல ரயில் முழுக்கச் சந்தோஷமாக வந்தாள் மணியம்மை. வீட்டில் கௌரியம்மாள் கேட்டதும் கோதண்டம் என்ன சொன்னான் தெரியுமா? "மருந்து ஒண்ணும் இல்லியாம்மா." சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான், புண்ணியவான். மிச்சத்தை மணியம்மை சொன்னபோது, "ஆங், டாக்டரா வந்து தண்ணி ஊத்துனாரு?" என்று கேட்டு மாமியார் அவள் வாயை அடைத்துவிட்டாள். புருஷன் மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுதாக ஆறவில்லை.

இப்போது இரண்டாவது பிள்ளை. "இந்த வாட்டி தாய்வூட்டுக்கு அனுப்ப மாட்டேன். எங்கையாலதான் தண்ணி ஊத்துவேன்" என்று கௌரியம்மாள் முடிவு கட்டிவிட்டாள். மணியம்மைக்கோ அம்மாவிடம் போக வேண்டும். போகும் முன்னால், அம்மா கையில் குற்றமில்லை என்று மாமியார் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

ஊர் வாய்க்குப் பயந்து மணியம்மை தள்ளித் தள்ளிப்போட்ட மொட்டைக்குத்தான் இன்று ஜெயம்மாவைக் கூட்டி வந்திருந்தார்கள். கூடவே, வரப்போகிற பிள்ளைக்கு உருண்டைத் தலை வேண்டும் என்று கௌரியம்மாள் தன் முடியையும் முருகனுக்கு நேர்ந்திருந்தாள். லேசுப்பட்ட முடியா அது! அவிழ்த்தால் முழங்காலைத் தொடும். கல்யாணமாகி வந்ததிலிருந்து கத்தி படாதது.

சரவணப் பொய்கைக் கரையில் முதலில் ஜெயம்மாவுக்கு முடி இறங்கியது. பார்த்தவர்கள் 'ஐயோ பாவம்' என்றார்கள். "பெத்தவ கவனிக்கல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, கௌரியம்மாள் நாவிதர் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

பாதி மழித்தவர் கத்தியை நிறுத்தி, விரலால் உச்சியைத் தடவிப் பார்த்தார்.

"பேத்திக்கு அப்படியே உன் தலதாம்மா வந்துகீது! ஆடாம உக்காரு, மேட்டுல கத்தி பட்டுடும்."

முடி முழுக்க இறங்கியது. அதே ஒடுக்கம், அதே நீளம், உச்சியில் அதே வரப்பு. அத்தனை வருஷமும் கொண்டைக்குள் மறைந்திருந்த தலை. எண்ணெய் தேய்க்கும்போது கையில் பட்டிருந்தாலும், எல்லோர் தலையும் இப்படித்தான் என்று அவள் இருந்திருப்பாள். கோதண்டம் அம்மாவைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், பிறகு குளத்துத் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தான்.

மணியம்மை மாமியார் வாயையே பார்த்தாள். சொல்லிவிடுவாள், இப்போது சொல்லித்தானே ஆக வேண்டும்?

கௌரியம்மாள் இரண்டு கையாலும் தன் தலையைத் தடவினாள். பேத்தியை இழுத்து அவள் தலையைத் தடவினாள். மறுபடி தன் தலை.

"எங்கம்மாளும் சரியா அமுக்கல போலக்கீதுடி" என்றாள்.

மணியம்மைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எப்போதோ செத்துப்போன சொந்தத் தாயைக்கூடக் குற்றவாளியாக்குகிறவளிடம் இனி எதைக் காட்டி என்ன ஆகப்போகிறது? இந்த வாயிலிருந்தா நல்ல வார்த்தை வரும் என்று இத்தனை நாள் காத்துக்கிடந்தோம் என்று தன்மேலேயே பரிதாபமாக இருந்தது. சந்தனத்தைக் குழைத்து மகள் தலையில் பூசினாள். மிச்சத்தை மாமியார் தலையிலும் பூசினாள்.

"ஏழாம் மாசம் நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன் அத்தே. இந்தப் புள்ள தல எப்படி வந்தாலும் யாரும் அமுக்க வேணாம்."

கோதண்டம்தான், தண்ணீரைப் பார்த்தபடியே, "நான் இட்டுக்கினு போய் உடுறேன்" என்றான்.

"வேணாம். எனக்கு வழி தெரியும்" என்றாள் மணியம்மை.