காயவைத்த பதினோரு இலைகள்

பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது மகள் என்னிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு தொட்டி. தடித்த இலைகளை ரோஜாப்பூ மாதிரி அடுக்கிய சக்குலன்ட் செடி. அவள் அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. திருப்பதி வீட்டில் மிச்சம் நானும் அந்தச் செடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிடுவாள்.

"நைனா, செடியக் காட்டு."

காட்டுவேன்.

"சரி, வெச்சிடறேன்."

செடி இல்லாவிட்டால் எதற்குக் கூப்பிடுவாள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். யோசனையைப் பாதியிலேயே விட்டு எழுந்து போய் டீ போட்டுக்கொள்வேன்.

அதைக் கொன்றது நான்தான். அது இருந்த இடத்தில் முன்பு என் மனைவியின் துளசி இருந்தது. குளித்ததும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, தொட்டிக்குக் குங்குமம் வைப்பது வீட்டு வழக்கம். துளசி பட்டுப்போன பிறகும் என் கை நிற்கவில்லை. சக்குலன்டுக்கும் தினம் ஒரு சொம்பு, ஒரு பொட்டு. ஒரு சனிக்கிழமை அடி இலையைத் தொட்டேன். கூழாக விரலோடு வந்தது.

அடுத்த பத்து நிமிஷம் நான் செய்தது எதுவும் வளர்ந்த மனிதனுக்கு அழகல்ல. செடிக்கு மேசை ஃபேன் போட்டேன். மலையப்பனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். கொடுக்கத் தலையில் முடி இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மாள் குங்குமத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் தடுக்கவில்லை.

வடமாலபேட்டை ரோட்டோர நர்சரிக்காரர் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"தெனம் அபிஷேகம் பண்ணிக்கினு இருந்தியா சார்?"

"சும்மா இருக்க முடியல."

அழுகாத இலைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். பதினோரு இலை. "மூணு நாளு நெழல்ல காயட்டும். அப்பறம் காஞ்ச மண்ணு மேல படுக்க வை. வேர் வர்ற வரைக்கும் நீள்ளு போயொத்து, ஊத்தாத. தண்ணின்னு நெனைக்கவே கூடாது."

ஆபீசில் இருபது வருஷம் சும்மாவே இருந்தவனுக்கு வீட்டில் அது வரவில்லை. குளித்துவிட்டு வந்து காலிச் சொம்போடு இலைகள் முன்னால் நிற்பேன். மூன்று ஞாயிறு கேமரா ரிப்பேர் என்று மகளிடம் புளுகினேன். ஏழு இலைகள் சுருங்கிப்போயின. ஒன்றில் மட்டும் இளஞ்சிவப்பாக நூல்போல வேர் எட்டிப் பார்த்தது. அந்தத் தைரியத்தில் நாலாவது ஞாயிறு கேமராவைத் திருப்பினேன். இலைகளுக்குப் பக்கத்தில் காலிச் சொம்பும் தெரிந்தது.

"செடி செத்துப்போச்சும்மா. இதான் மிச்சம்."

இப்போது வைத்துவிடுவாள் என்று ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், என்னமோ அதனால் லைன் நிற்கும் என்பது போல.

"தெனம் குளிச்சிட்டு வந்து அங்கியே நிக்கிறியா நைனா?"

"ம்."

"காலைல இன்னா துன்னே?"

செடியைப் பற்றி எது கேட்டாலும் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"இட்லி" என்றேன்.

"எத்தினி?"

அந்த அளவுக்குப் பொய்யை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.