ஒரு நிமிட டிரெய்லரும் இரண்டு எழுத்தும்

முப்பத்து நான்கு வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள் நான். காலையில் போனதும் முதல் வேலை, முத்திரையில் நேற்றைய தேதியைக் கழற்றி இன்றைய தேதியை மாட்டுவது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மழை பெய்த நாள், கரண்ட் போன நேரம், பக்கத்து வீட்டு எருமை கன்று போட்ட கிழமை எல்லாம் என் டைரியில் இருக்கும். இப்படிப்பட்டவள் புத்தகம் எழுதினால் அதில் என்ன இருக்கும்? தேதிதான் இருக்கும்.

சின்னமனூரைத் தாண்டி எங்கள் ஊர். மலையிலிருந்து லோயர் கேம்ப்பில் இறங்கி வருகிற தண்ணீர் எங்கள் வாய்க்காலின் தலைமடைக்கு என்றைக்கு வந்தது, அங்கிருந்து கடைமடைக்கு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது, தாமதம் எத்தனை நாள், காரணம் என்ன. ஒவ்வொரு போகத்துக்கும் இந்த நான்கு கட்டம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். காதல் இல்லை, கொலை இல்லை. காரணம் என்ற கட்டத்தில் 'மதகு பழுது', 'மரம் விழுந்தது' என்று சில இடங்களில் எழுதியிருக்கிறேன். பல இடங்களில் 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புத்தகத்தில் பாதி என் டைரி. மீதி எங்கள் வாய்க்கால் நீர்பாய்ச்சியின் காலண்டர். நீர்பாய்ச்சி என்றால் முறை வைத்து ஒவ்வொரு வயலுக்கும் மடை திறந்து விடுகிறவர். தினசரி காலண்டரில் தாளைக் கிழித்தால் எல்லோரும் எறிந்துவிடுவார்கள். இவர் தண்ணீர் வந்த நாளின் தாளை மட்டும் எறியாமல், அதில் 'த.தி.' என்று எழுதிக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். த.தி. என்றால் தண்ணீர் திறப்பு. ராகுகாலம், எமகண்டம், பன்னிரண்டு ராசிக்கும் பலன் எல்லாம் போக அந்தத் தாளில் மிச்சம் இருப்பது இரண்டு எழுத்துக்கான இடம்தான். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இந்தச் சுருக்கத்துக்கு விளக்கம் போட்டிருக்கிறேன். நான்கு முறை பிழை திருத்தியிருக்கிறேன்.

புத்தகத்தை அச்சடித்தவர் தேனியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர். இடையிடையே பதிப்பாளராகவும் இருப்பார்.

"மேடம், இப்பல்லாம் டிரெய்லர் விடாம புக்க விட்டா எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். ஒரு நிமிசம் வீடியோ. ஃபேஸ்புக்கு, இன்ஸ்டா, யூடியூப்பு மூணுலயும் போட்டுருவோம்."

ஊருக்கு வந்து நீர்பாய்ச்சியிடம் இதைச் சொன்னேன். "தம்பி, புத்தகத்துக்கு டிரெய்லர் வரப்போகுது."

அவர் கண்ணை விரித்தார். "டிரெய்லரா? அம்புட்டா அடிச்சிருக்கீக? எங்கனக்கா எறக்குறது?"

எங்கள் பக்கம் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது. தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றுவது. நான் விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப இதுல ஒண்ணும் ஏத்த முடியாதா?" என்றார். அன்றைக்கு அதை நகைச்சுவை என்று நினைத்தேன்.

ஆராயாமல் எதையும் ஒத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பதினேழு புத்தக டிரெய்லர்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எழுத்தாளர் கடலையோ மலையையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். நமக்கு முதுகு தெரிகிறது. காற்று அடிக்கிறது. பின்னால் வயலின் அழுகிறது. பிறகு ஒரு கை வந்து புத்தகத்தைத் தடவுகிறது, விரிக்கிறது, முகர்ந்துகூடப் பார்க்கிறது. பதினேழில் ஒன்றிலும் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. தொண்டைக் கட்டோடு ஒருவர் "இது வெறும் புத்தகம் அல்ல" என்கிறார். பதினேழில் ஒன்பதில் இதே வாக்கியம். வெறும் புத்தகம் என்று ஒன்றையாவது யாராவது போட்டிருந்தால் நான் உடனே வாங்கியிருப்பேன்.

இவ்வளவும் தெரிந்தும் சரி என்று சொன்னேன். காரணம் எனக்குத் தெரியும். என் முதுகும் அப்படி ஒரு முறை தெரியட்டுமே என்ற ஆசை.

வீடியோ எடுக்க வந்தவர் கல்யாண வீடியோக்காரர். மே மாதம், வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரையில் என்னை மூன்று முறை நடக்க வைத்தார்.

"மேடம், கொஞ்சம் சோகமா நடங்க."

"எதுக்குச் சோகம்? வருசா வருசம் மே மாசம் இப்படித்தான் கெடக்கும்."

"இல்ல மேடம், பாக்குறவுகளுக்கு ஒரு ஃபீல் வேணும்ல."

நீர்பாய்ச்சியை மடைக்கருகே நிற்க வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்தார். காலண்டர் தாள்களைக் கம்பியோடு தொங்கவிட்டுக் கேமராவை மிக அருகில் கொண்டுபோனார். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் தேனிக்குப் போய்விட்டார்.

அந்த வார வியாழக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு, சம்மதம் கேட்டு வீடியோ என் போனுக்கு வந்தது. நான் தேனியிலிருந்து வரும் பஸ்ஸில் இருந்தேன். டிரைவர் போட்ட பாட்டில் பஸ்ஸே அதிர்ந்துகொண்டிருந்தது. வீடியோவின் குரல் கேட்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தேன். முதலில் வைகை அணை வந்தது. எங்கள் வயலெல்லாம் பாய்ந்து மிஞ்சிய தண்ணீர் போய்ச் சேருகிற இடம் அது. பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தைக் காட்டி இதுதான் சமையலறை என்பது போல. அதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் என் முதுகு வந்துவிட்டது. கடைசியில் என் பெயர் வந்தது. எழுத்துப்பிழை இல்லை. 'சரி' என்று பதில் அனுப்பினேன். நான்கு முறை பிழை திருத்திய கை அது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து முதன்முறையாகக் குரலோடு கேட்டேன்.

"பச்சை வயல்களுக்குப் பின்னால் ஒரு ரகசியம். ஆண்டுக்கு ஆண்டு நடந்த தண்ணீர் திருட்டு!" இந்த இடத்தில் த.தி. என்ற எழுத்து திரை முழுக்கச் சிவப்பாக வழிந்தது. "ஒரு காலண்டர். ஒரு சாட்சி." இந்த இடத்தில் நீர்பாய்ச்சியின் முகம். "விரைவில்!"

புத்தகம் ஏற்கெனவே அட்டைப்பெட்டிகளில் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. விரைவில் வரவேண்டியது வேறு ஏதோ என்று அப்போதே புரிந்தது.

கீழே கருத்துகள் குவிந்துகொண்டிருந்தன. 'அருமை'. 'செம'. 'வாழ்த்துகள் அம்மா'. ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம், மாலை ஆறே முக்காலுக்கு. ஒருவர் போடி பக்கம் மனை விற்பனைக்கு இருப்பதைத் தெரிவித்திருந்தார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மட்டும் விஷயத்துக்கு வந்தார்: 'யார் யார் பேரு இருக்கு?'

பதிப்பாளருக்குப் போன் போட்டேன். த.தி.யைத் திருட்டு என்று யார் சொன்னது?

"வீடியோக்காரர் ஒங்க ஊருலதான் கேட்டிருக்காரு மேடம். டீக்கடையில அந்தத் தாளக் காட்டி, த.தி.ன்னா என்னன்னு கேட்டாராம். தண்ணி திருட்டுன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாகளாம்."

"ஒருத்தர்கூடத் திறப்புன்னு சொல்லலையா?"

"சொல்லலையாம் மேடம்."

தண்ணீர் என்றதும் எங்கள் ஊருக்கு முதலில் ஞாபகம் வருவது எது என்பதை டைரியில் தனிக் குறிப்பாக எழுதிக்கொண்டேன். வீடியோவை எடுக்கச் சொன்னேன். "நல்லா ஓடுது மேடம், ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கட்டுமே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். வருடா வருடம் முதல் போகத் தண்ணீருக்கு முன்னால், எங்கள் வாய்க்காலில் பாயும் நிலக்காரர்கள் கோயில் மண்டபத்தில் கூடி அந்த வருடத்து நீர்பாய்ச்சியை முடிவு செய்வார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இவரேதான். கூட்டம் என்பது பெயருக்கு. இந்த முறை அப்படி இல்லை. சனிக்கிழமை காலை ஏழரைக்கு அவர் என் வீட்டு வாசலில் நின்றார். அவரிடம் வீடியோ பார்க்கிற போன் கிடையாது. பார்த்தவர்கள் சொல்லித் தெரிந்திருக்கிறது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக? யாரு யாரு தண்ணி திருடுனாகன்னு நான் எழுதி ஒங்ககிட்டக் குடுத்துட்டேனாம். எங்க கஞ்சியக் குடிச்சுட்டு எங்களயே காட்டிக் குடுத்துட்டியேடான்னு மூஞ்சிக்கு நேரா கேக்குறாக. நாளைக்கு வேற ஆளப் போடப் போறாகளாம். எனக்கு வேற என்ன வேல தெரியும்?"

"நாளைக்கு நானே வந்து சொல்றேன் தம்பி."

"ஒங்க பேச்ச யாருக்கா கேப்பாக? வீடியோவுலயே வந்துருச்சுங்கறாக."

அவர் போன அரை மணி நேரத்தில் புத்தக விற்பனை தொடங்கியது. முதலில் வந்தவர் தலைமடையை ஒட்டிய மேட்டில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். எனக்குக் கொழுந்தன் முறை.

"மதினி, புஸ்தகம் ஒண்ணு குடுங்க."

"படிப்பீகளா?"

"நம்ம ஊரு புஸ்தகத்த நம்ம படிக்காட்டி யாரு படிக்கிறது?" என்றபடி கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினார். "பேரெல்லாம் போட்டிருக்கீகளோ?"

"தேதி போட்டிருக்கேன்."

"தேதி மட்டும்தானா?" அவர் முகத்தில் நிம்மதி வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. வாங்கிக்கொண்டு போனார்.

பொழுது சாய்வதற்குள் ஏழு பேர் வந்தார்கள். வந்த நேரத்தோடு குறித்து வைத்தேன். எழுதி முடித்ததும்தான் அந்தப் பட்டியலைச் சரியாகப் பார்த்தேன். ஏழு பேருக்கும் நெல் வயல் போக வாய்க்கால் ஓரத்தில் மேட்டுத் தோட்டம். தென்னை, திராட்சை, வாழை. வாய்க்கால் தண்ணீர் நெல்லுக்கு மட்டும் என்பது முறை. அந்த மேட்டுக்குத் தண்ணீர் தானாக ஏறாது. கரைப்புதருக்குள் மோட்டாரை வைத்து ஓஸ் போட்டு உறிஞ்ச வேண்டும். கடைமடையிலிருந்து ஒருவரும் புத்தகம் வாங்க வரவில்லை. அவர்களுக்கு அதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

கூட்டம் பத்து மணிக்கு என்று சொல்லிப் பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. கடைமடையில் எனக்கு அரை ஏக்கர் உண்டு, அந்த உரிமையில் போய் உட்கார்ந்தேன். தென்னந்தோப்புக்காரர்தான் பேச்சை எடுத்தார்.

"ஆளு நல்ல ஆளுதான். ஆனா வாய்க்கால் சங்கதிய வெளிய கொண்டுபோயி வீடியோவுல விடுறது சரியில்ல. இந்த வருசம் வேற ஆளப் பாப்போம்."

நான் எழுந்து புத்தகத்தின் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். த.தி. என்பது தண்ணீர் திறப்பு.

"மதினி, டிரெய்லர்ல ஒண்ணு சொல்லுறீக, இங்கன வந்து ஒண்ணு சொல்லுறீக."

"டிரெய்லர் தப்பு. புத்தகம்தான் சரி."

"வீடியோவுல அம்புட்டுப் பேரு பாத்தாக. அது பொய்யா இருக்குமா?"

பின்வரிசையில் ஒருவர், "எக்கா, புஸ்தகத்துல மாத்தி அடிச்சுட்டீக போல" என்றார். சிரித்தார்கள். அச்சில் நான்கு முறை பிழை பார்த்தது பொய், கல்யாண வீடியோக்காரர் டீக்கடையில் கேட்டது உண்மை. உட்கார்ந்துவிட்டேன்.

அதுவரை தூணோரம் நின்றிருந்த நீர்பாய்ச்சி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணே, அக்கா சொல்றது நெசந்தான். அது திறப்புதான். தண்ணி வருசத்துக்கு ரெண்டு தடவ தெறக்குறாக. மறந்துபோகும்னு தேதி எழுதி வச்சேன். திருட்டு தெனமும் நடக்குது. அதுக்கு எதுக்குண்ணே தேதி?"

கடைமடைப் பக்கம் ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இன்னொருவர், "ஏலே, தெனமும்னா யாரு யாருன்னும் இங்கனயே சொல்லிரு" என்றார்.

"எழுதல. ஆனா மறக்கவும் இல்ல" என்றார் நீர்பாய்ச்சி. "வேற ஆளப் போட்டுட்டாகன்னா வீட்டுல சும்மாதான் இருப்பேன். ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்தி அக்காகிட்டச் சொல்றேன்."

தென்னந்தோப்புக்காரர் அவசரமாகத் தொண்டையைச் செருமினார். "எதுக்கு அந்தப் பேச்செல்லாம். பழைய ஆளே இருக்கட்டும். மட எங்கன இருக்கு, மதகு எங்கன இருக்குன்னு தெரிஞ்ச ஆளு."

ஆமாம் ஆமாம் என்று அடுத்தடுத்துக் குரல்கள் வந்தன. எண்ணினேன். ஆறு. அவரையும் சேர்த்தால் என் பட்டியல் சரியாக வந்தது. பதினொன்று நாற்பதுக்கு வடையும் காப்பியும் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை பதிப்பாளர் மனமில்லாமல் வீடியோவை எடுத்தார். அதற்குப் பதிலாக நான் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தை வாசிக்கிற ஒரு வீடியோவைப் போட வைத்தேன். வயலின் இல்லை, அணை இல்லை, முதுகு இல்லை. பதினொரு முறை பார்க்கப்பட்டது. அதில் நான்கு நான். பழையது எங்கேயும் போகவில்லை, வாட்ஸ்அப்பில் குடியிருக்கிறது. கம்பத்திலிருந்து ஒரு சொந்தக்காரி நேற்றுக்கூட அனுப்பி, 'இது ஒங்க ஊரா சித்தி? பயங்கரமா இருக்கே' என்று கேட்டாள்.

ஜூன் முதல் வாரத்தில் தண்ணீர் வந்தது. தலைமடையிலிருந்து கடைமடைக்கு வர என் புத்தகத்தில் உள்ளபடி மிகக் குறைந்த நாள் ஐந்து. இந்த முறை மூன்றாம் நாள் காலையிலேயே என் அரை ஏக்கரில் தண்ணீர் நின்றது. கரைப்புதரில் ஒரு ஓஸ்கூடக் காணோம். நூற்றுப் பன்னிரண்டு பக்க உண்மை செய்யாததை ஒரு நிமிடப் பொய் செய்திருந்தது.

நீர்பாய்ச்சி காலண்டர் தாளோடு வந்தார். இந்த முறை சுருக்கம் இல்லை. ராகுகாலம், எமகண்டம், என் ராசிபலன் எல்லாவற்றின் மேலும் 'தண்ணீர் திறப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

"வந்த நேரம் எழுதலையே தம்பி?"

"எடமில்லக்கா. நீங்க எழுதிக்கங்க."

டைரியை எடுத்தேன். தலைமடை தேதி, கடைமடை தேதி, நாள் கணக்கு மூன்றையும் நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை பழக்கத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டது. இத்தனை வருடமும் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தச் சொல்லை அடித்தேன்.