கிஃப்ட் இல்லை, எனக்குத்தான்

வைன் கடைக்காரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார்: "கிஃப்டா மேடம்?" நானும் சளைக்காமல் சொல்வேன்: "இல்ல, எனக்குத்தான்." பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்ற வருவார். வேண்டாம் என்று வாங்கி, அப்படியே கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பேன். ஐம்பது வயது தாண்டிய, கல்யாணமாகாத கணக்கு டீச்சர் நான். யாருக்கு ஒளிக்க வேண்டும்?

போன மாதம் வாங்கிய சிவப்பு வைன்களில் நந்தி மலைப் பக்கத்து ஷிராஸ் என்னை அசத்திவிட்டது. மூக்கருகே கொண்டுபோனாலே மிளகு வாசனை. சிவாஜிநகரில் வாங்கிய மாட்டுக்கறியை வறுத்து அதோடு சாப்பிட்டேன், அடடா. கபர்னே முதல் வாயில் நாவல்பழம் தின்றதுபோல் நாக்கைப் பிடித்தது, மறுநாள் சாந்தமாகிவிட்டது. பினோ நுவார் என்று காசைக் கொட்டி வாங்கியது வெறும் தண்ணி ரசம். விவரம் தெரிந்தவர்கள் அதைப் புகழ்கிறார்களாம், புகழட்டும். ஷிராஸையும் மிஞ்சியது டெம்ப்ரனில்லோ; அதை மட்டும் மறுபடியும் வாங்கினேன்.

அதை எடுத்து வரும்போதுதான் சர்ச் கமிட்டி ஆள் ஒருவர் பார்த்து அண்ணனிடம் வத்தி வைத்தார். அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் இருக்கிறோம். "இனிமே இந்த வீட்ல பாட்டில் இருக்கக் கூடாது. இல்லன்னா நீ ஹாஸ்டல் பாத்துக்கோ" என்றார் அண்ணன். ஞாயிறு தவறாமல் ரம் குடிப்பவர் அவர். அதைப் பற்றித் தெருவில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது. பிறந்ததிலிருந்து நான் வேறு வீட்டில் இருந்ததில்லை.

எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து வீடுவீடாக ஜெபத்துக்குக் கூடும். அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. ஜெபமாலை முடிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டம்மா கேட்டார்: "டீச்சர், இந்த வருஷம் ஜாடி எப்பப் போடுறீங்க?"

கிறிஸ்துமஸுக்கு நீலத் திராட்சை, சர்க்கரை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை போட்டு நான் ஜாடியில் ஊறவைக்கும் வைன்தான் தெரு முழுக்கப் போகும். பிள்ளைகளுக்குக்கூட டம்ளரில் ஒரு வாய் கொடுப்பார்கள். அதை யாரும் குடி என்று சொல்வதில்லை.

"போடப் போறதில்ல" என்றேன். "வீட்ல பாட்டில் கூடாதுன்னு எங்க அண்ணன் சொல்லிட்டாரு. ஜாடியில இருக்கறதும் அதே சரக்குதானே? நீங்க குடிச்சா பண்டிகை, நான் குடிச்சா மானக்கேடா?"

அண்ணன் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனதும் டெம்ப்ரனில்லோவை எடுத்து வந்து சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து உட்கார்ந்தேன்.

"நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கிட்ட. எப்பக் கிளம்புற?" என்றார் அண்ணன்.

"நான் எங்கயும் போகல. சோறு போடுங்க அண்ணி."

அந்த வீட்டில் எப்போதும் அண்ணனுக்குத்தான் முதல் சோறு. அண்ணி சட்டியோடு வந்து, என் தட்டில் முதலில் போட்டார்.