பச்சை வெளிச்சமும் பகல் வண்டியும்

அந்த பஸ் ஓட்டுநர் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பகல் வண்டி. ஊர் தூங்கும்போது தானும் தூங்க வேண்டும் என்பது அப்படியொன்றும் பேராசை இல்லையே! அடுத்த மாதம் நிச்சயம் என்று டிப்போவில் வாய்விட்டுச் சொல்லியும் இருந்தார்கள்.

அன்று தொடர்ந்து மூன்றாவது இரவு வண்டி. ஆள் அரவமில்லாத சாலை. உள்ளே கண்டக்டர் உட்பட அத்தனை பேரும் அடித்துப் போட்டாற்போல் தூக்கம். திடீரென்று சாலையும் மரங்களும் பச்சை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. கண்ணாடிக்கு நேரே ஒரு எரிகல் பெரிய நெருப்புப் பந்தாகப் பாய்ந்து வந்து, இரண்டாக உடைந்து அணைந்தது. கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. நான்காவது வரிசைக்காரருக்கு நெற்றியில் புடைப்பு. ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று மறுநாளே புகார் கொடுத்துவிட்டார் மனிதர். அந்த வண்டியில் விழித்திருந்த ஒரே ஜீவன் மீது இப்படியொரு பழி!

டிப்போ மேலாளர் விளக்கம் கேட்டார். நாய் குறுக்கே வந்தது என்று எழுதித் தொலைத்திருக்கலாம். இவர் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். சாட்சி யார் என்றார் மேலாளர். வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கிய கண்டக்டர், ஒன்பது வருடக் கூட்டாளி, தானும் பார்த்ததாக முந்திக்கொண்டு சொன்னார். மேலாளர் நிறத்தைக் கேட்டார்.

“செக்கச் செவேல்னு இருந்துச்சு சார்.”

கடிதத்தில் பச்சை என்று எழுதியிருந்த இடத்தில் மேலாளர் விரலை வைத்தார். அவ்வளவுதான். பகல் வண்டிப் பட்டியலில் ஓட்டுநரின் பெயர் கடைசிக்குப் போனது.

வெளியே வந்த ஓட்டுநருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே, பார்க்காததைப் பார்த்ததாக எதற்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ரேடியோ அவர் தோளில் கை வைத்தார்.

“விடுங்கண்ணே. மூணு ராத்திரி சேர்ந்தாப்பல ஓட்டினா யாருக்குத்தான் கண்ணு அசராது? உங்கள நான் விட்டுக்கொடுப்பனா?”

ஓட்டுநருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருடம் கூடவே இருந்தவனும் நம்பவில்லை. நம்பாமலேதான் தனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான்.

“நான் தூங்கலப்பா,” என்றார்.

“தெரியும்ண்ணே,” என்றார் ரேடியோ, அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தும் குரலில்.

ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அன்றைய இரவு வண்டியில் ஏறினார்.