நோயாளி டிஸ்க்

அவளுடைய அக்கா அவளுக்கு வைத்த பெயர் படபடப்பு. வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போன பிறகும் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறவளுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? கெட்டுப்போன ஹார்டு டிஸ்குகளில் இருப்பதை மீட்டுத் தருவது அவள் தொழில். இதற்கு நிதானமான ஆள்தான் லாயக்கு என்று ஊரே நினைக்கிறது. நிதானமானவர்கள் "பார்த்துக்கலாம்" என்று ஏதாவது ஒரு பட்டனை அழுத்திவிடுகிறார்கள். இவளுக்கு எந்தப் பட்டனை அழுத்தவும் பயம். அந்தப் பயத்தாலேயே பிழைத்த டிஸ்குகள் ஏராளம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே அவள் அறை. அன்று காலை இரண்டு பேர் ஒரு கறுப்புப் பெட்டியோடு படியேறி வந்தார்கள். இளையவன் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறவன். மூத்தவர் அவனுடைய அக்கா புருஷன். பெட்டியை மைத்துனன் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தான். மாமா அவனைக் குழந்தையைத் திருடியவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"எங்க அக்கா குரல், மேடம்."

அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். எழுதிக் காட்டினால் அவள் குரலிலேயே பேசும் கருவி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு, அறுவைக்கு முன்பே தம்பியின் கூடத்தில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிவு செய்திருந்தாள். அந்தக் குரல் இப்போது உலகத்தில் இந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை.

"வேற காப்பி எடுத்து வைக்கலையா?"

"நாலு டிஸ்க் இருக்கேன்னு..."

"நாலு டிஸ்க்னா நாலு காப்பி இல்லைங்க."

இதை அவள் யாரிடமாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள். பெட்டி எதையும் துண்டுபோட்டு நான்கிலும் பரப்பி எழுதும். ஒரு டிஸ்க் போனால், மற்ற மூன்றை வைத்து அதில் இருந்ததைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இரண்டு போனால் கைவிரித்துவிடும். இதில் இரண்டு போயிருந்தது.

"முதல் டிஸ்க் போனப்பவே பீப் பீப்னு கத்தியிருக்குமே?"

தம்பி தரையைப் பார்த்தான். "கத்துச்சு. அக்கா பேச வந்த முதல் நாள். பதிவுல விழுதுன்னு நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டானாம்!" என்றார் மாமா. "வீடு எரியுதுன்னு மணி அடிச்சா, மணியைக் கழட்டி வச்சுட்டுத் தூங்கற ரகம்மா இவன்."

"ரெண்டாவது போனப்போ என்ன பண்ணீங்க?"

"நாலையும் உருவி, தூசி தட்டி, திரும்பச் சொருகிப் பார்த்தேன்."

"அதே வரிசையிலயா?"

மறுபடியும் தரை. வரிசை தப்பினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

முதலில் ஒவ்வொரு டிஸ்கையும் அப்படியே நகலெடுக்கத் தொடங்கினாள். அசல்மேல் கை வைப்பதில்லை என்பது அவள் விரதம். இரண்டு ஒழுங்காகப் படித்தன. மூன்றாவது குதிரைபோல ஓடியது. நான்காவது டிக், டிக் என்று விக்கியது. தேதிகளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. குதிரைதான் முதலில் விழுந்த டிஸ்க். ஏதோ இணைப்பு தளர்ந்ததால் பதிவின் முதல் நாளே பெட்டி அதைத் தள்ளி வைத்திருக்கிறது. ஆரோக்கியமாக இருந்த அதற்கு, அதன் பிறகு பதிவானது ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்த நான்காவது சாகக் கிடந்தது.

"நல்லா இருக்கறதை வச்சே முடிச்சுடுங்களேம்மா" என்றார் மாமா. "சீக்காளியைப் போட்டு ஏன் படுத்தணும்?"

அவள் வாதாடவில்லை. நகல்களை அப்படியே கூட்டி, ஒரு வாக்கியத்தை ஓடவிட்டாள். "சாயங்காலம் வரும்போது" என்றது ஒரு பெண் குரல். தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். "...மறந்துடாதீங்க" என்று முடிந்தது.

மாமா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "அதையே இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார்.

இனி நோயாளிதான் கதி. கொஞ்சம் படிக்கவிட்டு, சூடேறினால் நிறுத்தி, ஆறியதும் மறுபடி தொட்டு, கீறல் பட்ட இடத்தை எட்டித் தாண்டி... டிக் என்று கேட்டால் அவளுக்குப் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம். அவளுடைய அக்கா போனில், "சாப்பிட்டியாடி?" என்றாள்.

"டிஸ்க் ஓடிட்டிருக்குக்கா."

"உன் வயித்துல என்ன ஓடுது?"

அவள் பதில் சொல்வதற்குள் டிக் நின்றது. போனை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த டிஸ்க் அசையவே இல்லை. ஆனால் போகிற போக்கில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தது.

குதிரையை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்று நகல்களையும் வரிசை மாற்றி மாற்றிப் பொருத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பதிவாகக் கேட்டாள். முதல் நாள் பதிவில், தூரத்தில், பீப் பீப். பிறகு அதே பெண் குரல்: "டேய், அந்தப் பெட்டி வாயை முதல்ல மூடு. இல்லன்னா நான் கெளம்பறேன்."

"அது ஏதோ சொல்லுதுக்கா. என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

"அதை அப்புறம் பாருடா. என் தொண்டை இருக்கும்போதே இதை முடி."

பீப் நின்றது.

அவள் அந்தத் தம்பியைப் போனில் கூப்பிட்டாள். "முதல் நாளும் வந்துடுச்சுங்க."

"அதை மட்டும் அழிச்சுடுங்க மேடம். மாமா என்னைத் திட்டினாத் திட்டிட்டுப் போறார். அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா."

"நான் எதையும் அழிக்கறதில்லைங்க." கொள்கை என்று அவன் நினைத்திருப்பான். உண்மையில், அழிக்கிற பட்டனுக்குத்தான் அவள் எல்லாவற்றையும்விட அதிகம் பயப்படுவாள்.

மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள். அக்கா கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். "முதல்ல இருந்து போடு" என்று கையால் காட்டினாள். தம்பி குறுக்கே விழுந்து, "நடுவுலேர்ந்து கேளுக்கா, அதுதான் நல்லா இருக்கும்" என்று கெஞ்சிப் பார்த்தான். அக்கா முறைத்தாள். பதிவு ஓடியது. பீப் கேட்டது. குரல் வந்தது.

அக்கா தன் போனில் எழுத்துகளைத் தட்டினாள். ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் அது கேட்டது: "ஏன்டா சொல்லல?"

"சொன்னா குரல் திரும்பி வந்துடுமா?" என்றான் தம்பி.

மாமாவுக்கு அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு அவசரமாக ஏதோ கிடைத்தது. அங்கே பார்த்தபடியே, "போனது ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

"கொஞ்சம் வாக்கியங்கள். 'மன்னிச்சுடு'ங்கறது அதுல ஒண்ணு. மிச்சத்தை வச்சுக் கருவி ஒப்பேத்திடும்."

அக்கா மறுபடி தட்டினாள். "நல்லதாப் போச்சு. இவன்கிட்ட மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமே இல்ல" என்றது ரயில் நிலையம். அதற்குள் அவள் கை தம்பியின் காதைப் பிடித்திருந்தது. அந்தக் கை வெகுநேரம் விடவில்லை.

குரலை மீட்டுத் தந்தவள் மூன்று நகல்களை எடுத்து வைத்தாள். "ஒண்ணு உங்க வீட்டுல. ஒண்ணு தம்பிகிட்ட. இன்னொண்ணு இந்த ரெண்டு இடமும் இல்லாம, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட."

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார் மாமா. "உங்களைவிடப் பயப்படற ஆளை நாங்க எங்க போய்த் தேடறது?"

அன்று அவள் அந்த நகல் இருந்த அறையின் பூட்டை இழுத்துப் பார்ப்பதற்காகத் தெருமுனையிலிருந்து இரண்டு தடவை திரும்பி வந்தாள்.