ஒரு சொட்டு ஒழுகினாலும்

காற்றிலேயே குளிரும் எஞ்சின் வைத்த என் பழைய பீட்டில் காரைக் கண்டாலே என் கணவருக்கு ஆகாது. அதற்கு ஆயிலை வடிகட்டும் அந்தக் காலத்து பைபாஸ் ஃபில்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து, மட்டாஞ்சேரி வீட்டு வாசலில் நானே மாட்டினேன்.

“ஒரு சொட்டு ஒழுகினாலும் வண்டியை வித்துடணும்” என்றார். ரோஷத்தில் சரி என்றுவிட்டேன்.

எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். அரை லிட்டருக்கும் மேல் குறைந்திருந்தது!

தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவரோ, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு தெருவில் மல்லாந்து படுத்து, காருக்கடியில் தேடினார். “ஒரு சொட்டுகூட இல்லையே!” எழுந்து ஃபில்டரைத் தொட்டவர், சூடு தாங்காமல் கையை உதறினார். “எடி, ஆயில் பூரா இதுக்குள்ளதான் போயிருக்கு! காலி டப்பா நிறைய வேண்டாமா?”

எதிரே மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சேட்டன்களும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்கள்.

குறைந்த ஆயிலை ஊற்றிக்கொண்டு திருப்பூணித்துறையில் விசேஷ வீட்டுக்குப் போனோம். அழுக்கு வேட்டியோடு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், “ஒரு சொட்டு ஒழுகலை, தெரியுமா!” என்றார், ஏதோ தானே மாட்டியதுபோல. பந்தயத்தில் தோற்றவர் இத்தனை சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.