எந்தத் தட்டிலும் அடங்காத சீடி

இசைத்தட்டுக் கடையில் வேலை என்றால் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கலாம் என்று நினைப்பவர்கள், பூக்கடைக்காரர் நாள் முழுக்கப் பூ முகர்கிறார் என்றும் நினைப்பார்கள். உண்மையில் எங்கள் வேலை தூசு தட்டுவது, குலைந்த அகரவரிசையைச் சரிசெய்வது, பிறகு வாடிக்கையாளருடன் பேசுவது. முதல் இரண்டிலும் நான் கெட்டிக்காரி. மூன்றாவது வரும்போது என்னைப்போலவே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறவர்கள் இதை வாசித்தால், இனி வருவது உங்களுக்காகத்தான்.

ஆவி நடமாட்டம்

ஜேர்மனியின் கொலோன் நகரில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு, யூரோக் காசு புதிதாகக் கைக்கு வந்த வருடம் அந்தக் கடையில் சேர்ந்தேன். முதலாளி யூர்கன் நல்ல மனிதர், நிறையப் பேசுபவர். முதல் சில மாதங்கள் ப்ரோபசைற், அதாவது நம்மை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முதலாளி பார்க்கும் காலம். அனுப்பிவிட்டால் அடுத்தது என்ன என்று அம்மா ஏற்கெனவே முடிவு செய்திருந்தா: வங்கியில் ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி. அந்தக் கடைதான் நான் விரும்பிப் போன முதல் இடம் என்பதை அவவுக்குச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் இரண்டு சாக்ஸபோன் சீடிகளை நீட்டி எது நல்லது என்று கேட்டார். எனக்கு இரண்டைப் பற்றியும் ஒரு கட்டுரையே எழுதத் தெரியும். விரலால் இடதுபக்கச் சீடியைத் தொட்டுக் காட்டிவிட்டு, பின்னறைக்குப் போய்விட்டேன். மாலையில் யூர்கன் கூப்பிட்டுச் சொன்னார்: “கடையில் இருக்கிற எல்லாவற்றையும் பற்றி உனக்குத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர்கள் இங்கே ஏதோ ஆவி நடமாடுகிறது என்று நினைக்கிறார்கள்.”

இடமில்லாத பெட்டி

இங்கிலாந்தில் பிக் பீட் என்ற நடன இசை கொடிகட்டிப் பறந்த நாட்களில் ஒரு டிஜே செய்த மிக்ஸ் சீடி அது. யூர்கன் அதை ஒரு பெட்டி நிறைய எடுத்திருந்தார். கல் உடைப்பதுபோல் ட்ரம் தொடங்கும். அதற்குள் ராக் கிற்றார் நுழையும், அது அடங்குமுன் பழைய சோல் பாடகி ஒருத்தி உருகுவாள், அவளுடைய தோளுக்கு மேலால் ஒரு ட்ரம்பெட், பிறகு ராப், பிறகு எங்கள் இலங்கைப் பைலா ஆட்டப்பாட்டுக்குச் சித்தப்பா பெரியப்பா மகன்போல ஒரு துள்ளல். எல்லாம் ஒரே ஓட்டம். அதனால்தான் அதற்குக் கடையில் இடமில்லை. எலெக்ட்ரோனிக் தட்டில் வைத்தால், “இதில் கிற்றார் இருக்கிறதே” என்றார்கள். ராக் தட்டில் வைத்தால் ராக் ஆட்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் யூர்கன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசலில் மழைச்சாரல் படும் கழிவுவிலைப் பெட்டிக்குப் போனார்.

நான் அதை ஹெட்போனில் பலமுறை கேட்டிருந்தேன். எனக்கு அது எங்கள் கொண்டாட்ட மண்டபம். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பழைய படப்பாட்டு, பெடியளுக்குப் புதுப்பாட்டு, கடைசியில் எல்லாரும் வேட்டி சேலையோடு பைலா. யார் எந்தத் தட்டு என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. “வேண்டாம்” என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். நான்தான். யூர்கன் திரும்பிப் பார்த்தார். “அட, ஆவி பேசுகிறது! சரி, சனிக்கிழமைக்குள் இதை நீயே விற்று முடி. முடித்தால் கவுண்டர் வேலை உனக்கு. இல்லாவிட்டால் இருவரும் நண்பர்களாகப் பிரிவோம்.”

உருளைக்கிழங்கு

முதலில் வாங்கியவர் மழைச்சட்டை போட்ட ஒரு அம்மணி. அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்தார். பழுதான சீடியாம். பாட்டு முடிவதே இல்லையாம். அவருக்கு ஒரு பழக்கம்: ஒரு பாட்டு முடிந்ததும் சட்டியில் உருளைக்கிழங்கைப் புரட்டுவார். இதில் ஒன்று முடியுமுன் மற்றது ஏறி உட்கார, சட்டி கருகி, வீடெல்லாம் புகை.

விற்ற ஒன்றே ஒன்றும் போகிறதே என்ற பயத்தில் எனக்கு வாய் திறந்தது. “பழுது இல்லை, அது அப்படித்தான். நிற்காமல் போவதற்காகவே செய்தது” என்றேன். ஒரு முழு வசனம். அவர் என்னையும் சீடியையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்த ட்ரம்பெட் வருமிடத்தில் நான் அடுப்படியில் ஆடினேன் என்பது உண்மைதான். சீடி என்னிடமே இருக்கட்டும். உருளைக்கிழங்கை இனி அவித்துக்கொள்கிறேன்.”

சிவா அண்ணை

எங்கள் ஆட்களின் கலியாணம், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி பூட்டுபவர் சிவா அண்ணை. வெள்ளிக்கிழமை கோபத்தோடு வந்தார். கையில் மார்க்கரால் எழுதிய ஒரு சீடி. எங்கள் மண்டபங்களில் ஒரு சட்டம் உண்டு: பாட்டு நின்றால் சனம் வீட்டுக்குப் போகக் குளிர் ஜாக்கெட்டைத் தேடும்.

“பிள்ளை, உங்கடை கடையில விக்கிற மிக்ஸ்தானே இது? சனம் நல்லா ஆடிக்கொண்டு நிக்குது, திடீரெண்டு சத்தமில்லை. திரும்பித் துவங்குது, திரும்பி நிக்குது. கேக் வெட்ட முன்னமே பாதிச்சனம் வெளிக்கிட்டிட்டுது!”

“அண்ணை, இது கொப்பி அடிச்சது. கொம்பியூட்டர் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில வெறுமையா விட்டிருக்கு. அசலைக் கேட்டுப் பாருங்கோ.”

ஹெட்போனை மாட்டிவிட்டேன். முதலில் கால் பெருவிரல், பிறகு தோள், பிறகு முழு சிவா அண்ணையும் ஆடினார். ஹெட்போனைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “அப்ப என்னைச் சந்தி சிரிக்க வைச்சது சீடி இல்லை, கொப்பி அடிச்சுத் தந்த என்ரை மருமோன். எடு பிள்ளை, அசலை எடு. ஆனா உன்ரை அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, சிவா காசு குடுத்துச் சீடி வாங்கினவன் எண்டு.”

சனிக்கிழமை

பெட்டி இன்னும் நிறைந்துதான் இருந்தது. கடையிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் தட்டுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. யூர்கன் தொலைபேசியோடு பின்னறைக்குப் போனார். அவருடைய ப்ளூஸை எடுத்துவிட்டு, கடை ஒலிபெருக்கியில் நம்முடைய சீடியைப் போட்டேன்.

ட்ரம் விழுந்ததும் ஹிப்-ஹொப் தட்டிலிருந்து ஒரு தொப்பிக்காரன் வந்தான். “இது யார்?” நான் சீடி உறையை அவன் கையில் கொடுத்தேன். கிற்றார் வந்ததும் தோல்சட்டைக்காரர். அதே உறை. ட்ரம்பெட் வந்ததும், கடையில் என்னைவிடக் குறைவாகப் பேசும் ஜாஸ் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். அதே உறை. மூவரும் மற்றவர் கையைப் பார்த்தார்கள். இது ஜாஸ் என்றார் பெரியவர். நல்ல பகிடி, இது ஹிப்-ஹொப் என்றான் தொப்பிக்காரன். சண்டை முற்றி, தீர்ப்புக்கு என்னிடம் வந்தது. கடையே என்னைப் பார்த்தது. ஓடி ஒளியலாம் என்றால் பின்னறையில் யூர்கன் நின்றார்.

“எங்கள் தமிழ் ஆட்களின் கொண்டாட்டத்தில் எல்லா வயதுக்கும் ஒரே மண்டபம்தான்” என்றேன். “தனக்குரிய பாட்டு வரும் என்று வந்தவர் அடுத்தவருடைய பாட்டுக்கும் ஆடிவிட்டுத்தான் போவார். பாட்டு நின்றால் மட்டும் ஜாக்கெட்டைத் தேடுவார். உங்களில் ஒருவரும் இன்னும் தேடவில்லை.”

முதலில் சிரித்தவர் ஜாஸ் பெரியவர். அன்று முதலில் வாங்கியவரும் அவர்தான். பிறகு வரிசை. யூர்கன் வெளியே வந்தபோது பெட்டியில் அட்டை மட்டுமே இருந்தது, ஓடிக்கொண்டிருந்த சீடிக்கும் ஒருவர் காத்து நின்றார். கடைசி ட்ரம் அடங்கும்வரை காத்திருந்து அதை எடுத்துக் கொடுத்தேன். கடை அமைதியானது. எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக ஜாக்கெட் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்கள்.

யூர்கன் வெறும் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். “திங்கட்கிழமை நேரே கவுண்டருக்கு வா. இன்னொரு பெட்டி சொல்லிவிடுகிறேன். ஆனால் கடை பூட்டும் நேரம் பாட்டை நிறுத்திவிடு, இல்லாவிட்டால் இவர்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.”

அந்தச் சீடிக்குக் கடைசிவரை ஒரு தட்டும் கிடைக்கவில்லை, கவுண்டரில் என் பக்கத்திலேயே இருந்தது, என்னைவிடக் கொஞ்சம் சத்தமாக.